தகுதியான ஆள்

தமிழில்தான் பேசினீர்கள் தம்பி, மறைக்க வேண்டாம். போனில், "வைக்கிறேம்மா, பஸ் வந்திருச்சு" என்றீர்களே, அதைக் கேட்டுத்தான் இத்தனை காலி இருக்கைகளை விட்டுவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இந்த மாநிலத்துக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸில் தமிழ் கேட்பது இதுதான் முதல் தடவை. நம் ஆட்கள் இங்கே பஸ் ஏறுவதில்லை. நானும் ஏறுகிறவன் இல்லை. கார் என் மனைவியிடம் இருக்கிறது. மனைவி மகன் வீட்டில் இருக்கிறாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல பழக்கம். ஆனாலும் சொல்கிறேன்.

கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். நகர்ந்து உட்கார வேண்டாம், நான் குற்றவாளி இல்லை. மேல்முறையீடு செய்தவன். இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசம் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை, என் வீட்டில் இருப்பவர்கள் உட்பட.

நான் டெக்சாஸ்காரன். எதற்குச் சிரிக்கிறீர்கள்? தேவகோட்டையில் பிறந்தவன் டெக்சாஸ்காரன் ஆகக்கூடாதா? ஹூஸ்டனில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் இன்ஜினியராக என் ஆயுளில் பாதியைக் கழித்தவன். அங்கே என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. எல்லோரிடமும் இருந்தது. எங்கள் தெருவில் இந்தியர் வீடாகப் பார்த்துத் திருடிக்கொண்டிருந்தார்கள். இந்தியர் வீடென்றால் தங்கம் இருக்கும், அது படுக்கையறை அலமாரியில்தான் இருக்கும் என்று டெக்சாஸ் திருடனுக்கு மனப்பாடம். நாங்களோ நகரத்தார். சொல்ல வேண்டுமா? கடைக்குப் போனேன். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டினேன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினான், எங்கேயோ போன் செய்தான், அந்தப் பக்கம் சரி என்றார்கள். முடிந்தது. அதே கடையில் மீன் பிடிக்கிற தூண்டிலும் விற்றார்கள். தூண்டிலுக்கு நின்ற வரிசைதான் நீளம். ஒரு மனிதனை நம்புகிற அரசாங்கம் எப்படி இருக்கும் என்றால் அப்படித்தான் இருக்கும் தம்பி.

அத்தனை வருடத்தில் ஒரே ஒரு சம்பவம். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி உமையாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள், நீங்கள் வேறு யாரிடமோ கேட்டால் தப்பாகப் போகும். ஒருநாள் அது அலமாரிக்குள் தானாக வெடித்துவிட்டது. தானாக. துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தட்டில் அவளுடைய கல்யாணப் பட்டு மடித்து வைத்திருந்தது. துளை ஒன்றுதான். ஆனால் மடித்த புடவையில்லையா, பிரித்துப் பார்த்தால் ஒரே வரிசையில் உடம்பெல்லாம் துளை, முந்தானை வரைக்கும். உமையாள் அதைப் பிரித்துக் கட்டிலில் பரப்பி வைத்தாள். வெவ்வேறு இடத்தில் விழாமல் சம இடைவெளியில் விழுந்திருப்பது மடிப்பின் சீரைக் காட்டுகிறது என்று நான் சொன்னேன். உண்மைதானே? அதற்கு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இன்னமும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

சரி. பேத்தி பிறந்து இரண்டு வயது ஆயிற்று. என் மகன் வயிரவன் இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மருமகள் துஷ்யந்தி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள், பல்லைச் சுத்தம் செய்கிற வேலை. இலங்கைப் பெண். வன்னிப் பக்கம். பதினெட்டு பத்தொன்பது வயதில் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்து அங்கே படித்தவள். நல்ல பெண், அதிகம் பேசமாட்டாள். பழசைப் பற்றிப் பேசவே மாட்டாள். நானும் கேட்டதில்லை. பிறத்தியார் கதையைக் கிளறுவது பண்பாடு இல்லை என்பது என் கொள்கை.

இரண்டு பேரும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? "நம்ம அங்கேயே போயிருவோங்க, பக்கத்துலயே ஒரு வீடு வாங்கிக்கிட்டு" என்றாள் உமையாள். சரி என்றேன். பேத்திக்காகச் சரி என்றேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ஊரை, என் நண்பர்களை, என் வெயிலை விட்டுவிட்டு இந்தப் பனிக்குள் வந்தவன் நான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரவில்லை. இங்கத்திய துப்பாக்கிச் சட்டத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் அங்கே வீட்டை விற்றேன், அடிக்குறிப்புகளோடு. படிக்கப் படிக்கக் கொதித்தது. உரிமம் வேண்டுமாம். அதைத் தருவது உள்ளூர் போலீஸாம். வகுப்புக்குப் போகவேண்டுமாம், கைரேகை தரவேண்டுமாம். துப்பாக்கியில் செருகுகிற குண்டுக்கூட்டில் பத்துக் குண்டுக்கு மேல் கூடாதாம். ஏன் பத்து? பத்தாவது குண்டு வரைக்கும் நான் நல்லவன், பதினொன்றாவதில் கெட்டுப்போவேனா? அங்கேயே பழைய கூட்டைக் கொடுத்துவிட்டுச் சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டேன். சட்டத்தை மதிக்கிறவன் இல்லையா, என்னைப் பார்த்தால் தெரியவில்லையா?

வந்த பயணத்தைச் சொன்னால் ஒரு புத்தகம் ஆகும். காரிலேயே வந்தோம். டென்னசி, வர்ஜீனியா வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. நியூஜெர்ஸி வந்தது. அந்த மாநிலத்தில் இவர்களைவிட மோசம். துப்பாக்கியைப் பூட்டி டிக்கியில் வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தைக் கடந்து போகலாம் என்று மத்திய சட்டம் சொல்கிறது. கடந்து போகலாம். கவனியுங்கள். நிறுத்தினால் அது கடப்பதா, தங்குவதா? சட்டத்தில் விளக்கம் இல்லை. "என்னங்க, எங்கேயாச்சும் செத்த நிப்பாட்டுங்க, முடியலை" என்றாள் உமையாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு, அடிக்கடி போகவேண்டும். நான் விளக்கினேன். ஒரு வழக்கு வந்து, அதில் நீதிபதி என்ன பொருள் கொள்வார் என்று தெரியாமல் நான் நிறுத்த முடியாது என்றேன். "எனக்கு ஒண்ணுக்குப் போறதுக்கு நீதிபதி எதுக்குங்க?" என்றாள். நகைச்சுவை உள்ளவள்தான். நியூயார்க் பாலத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. கனெக்டிகட் எல்லையைத் தொட்டதும், இங்கே நிறுத்தலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. காரில் அந்த சீட்டை மட்டும் பிறகு மாற்றினோம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அவள் அழுதாள். நான் என்ன செய்ய? சட்டம் எழுதியவன் அழவேண்டும். அவள் என்மேல் கோபித்துக்கொள்கிறாள்.

பிறகு உரிமம். குடிவந்தவர்களுக்கு இரண்டு மாதத் தவணை. வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்தவன் சொன்னதில் இரண்டு தப்பைத் திருத்தினேன், அவன் அதை ரசிக்கவில்லை. கைரேகை கொடுத்தேன். காவல் நிலையத்தில் டெலேனி என்று ஒரு சார்ஜென்ட், இதற்கென்றே இருக்கிறவர், எதிரே உட்கார வைத்து, "உங்களுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்டார். டெக்சாஸில் எவனும் என்னை அப்படிக் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடி போட்டவனிடம் கண்ணாடி எதற்கு என்று கேட்பார்களா? சொன்னேன். நகரத்தார் வரலாறு, செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு, பர்மாவில் வட்டிக்கடை வைத்தவர்களுக்கு என்ன ஆயிற்று, எல்லாம் சொன்னேன். அவர் காபி ஆறிவிட்டது. கடைசியில் உரிமம் தந்தார். தகுதியான ஆள் என்று அன்றைக்கு என்னை ஏற்றுக்கொண்டது இதே காவல் நிலையம்தான். இதைத்தான் இன்றைக்கு நீதிபதியிடம் முதல் வாக்கியமாகச் சொல்லப்போகிறேன்.

போலீஸை ஜெயித்தாயிற்று. அடுத்தது மருமகள். பேத்தி இனியாவை முதல் நாள் கொண்டுவந்து விடும்போது வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

"மாமா, உங்கடை வீட்டிலை துவக்கு இருக்குதாம். இவர் சொன்னவர்."

ஆமாம் என்றேன். கூடவே, துவக்கு என்கிறாயே, நாங்கள் துப்பாக்கி என்கிறோம், இரண்டுமே துருக்கியிலிருந்து கப்பலேறி வந்த ஒரே சொல்தான், இதைக் கண்டுபிடித்தவன் தமிழனும் இல்லை சிங்களவனும் இல்லை என்று விளக்கினேன். யாருக்காவது ஆர்வம் வராதா? அவள் பிள்ளையைத் தோளில் இன்னும் கொஞ்சம் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"சொல் எங்கையிருந்து வந்தால் என்ன மாமா. சாமான் பூட்டுக்குள்ளை இருந்தால் போதும். எப்பவும் இருக்கோணும். அப்பதான் நான் பிள்ளையை விடுவன்."

வாக்குக் கொடுத்தேன். இரும்புப் பெட்டி, எண் பூட்டு, எண் எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தினமும் காலையில் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அந்த மாதங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை தம்பி. சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் மடியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவாள், அவ்வளவு போதும். "ஐயா, இதுக்கு என்ன பேர்?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பாள். கேள்வி கேட்பதில் எங்கள் வீட்டு ரத்தம். நான் ஒவ்வொன்றுக்கும் பெயரும் சொல்வேன், பெயர்க் காரணமும் சொல்வேன். என் பேச்சை நடுவில் எழுந்து போகாமல் கேட்ட ஒரே ஆள் இந்த மாநிலத்தில் அவள்தான்.

வந்தது சரஸ்வதி பூசை. ஆயுத பூசை. இங்கேதான் எல்லோரும் என்னை அநியாயமாகப் பிடித்துக்கொண்டார்கள், கவனமாகக் கேளுங்கள்.

பூசை அறை என்று பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாடிப்படிக்குக் கீழே இவர்கள் கோட்டு மாட்டுவதற்குக் கட்டிய அலமாரிதான். அதற்குள் சாமி படம், விளக்கு. கீழே பலகை போட்டுப் புத்தகங்களை அடுக்கினேன், அகராதி, கணக்குப் போடுகிற என் பழைய ஸ்லைடு ரூல், லேப்டாப், கார் சாவி, உமையாளின் மிக்ஸி. பெட்டியைத் திறந்து துப்பாக்கியையும் கொண்டுவந்து வைத்தேன். டெக்சாஸில் வருடா வருடம் வைத்ததுதான். ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் மிக்ஸியை மட்டும் வைத்தால் அதற்குப் பெயர் என்ன, மிக்ஸி பூசையா? நம் ஊரில் போலீஸ் ஸ்டேஷனிலேயே துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைக்கிறார்கள்.

உமையாள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க. அந்தப் பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கீங்க."

"பூட்டுக்குள் வைப்பதாகத்தானே வாக்கு? இந்த அலமாரிக்கும் கதவு இருக்கிறது" என்றேன்.

"கதவும் பூட்டும் ஒண்ணா?"

"குண்டுக்கூட்டைக் கழற்றிவிட்டேன். இனிமேல் அது வெறும் இரும்பு. உன் மிக்ஸியாவது கையை அறுக்கும்."

தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் சந்தனமும் குங்குமமும் அவள்தான் வைத்தாள், அதை மறந்துவிடக் கூடாது. மேலே ஒரு பட்டுத்துண்டு போர்த்தினேன். மறைக்க அல்ல, மரியாதைக்கு. பூசையில் வைத்ததை மறுநாள் விஜயதசமி அன்று மறுபூசை முடிந்த பிறகுதான் எடுக்கவேண்டும். அதுவரை தொடக்கூடாது, புத்தகத்தைக்கூடத் திறக்கக்கூடாது. நாம் என்ன இன்றைக்கா இதைக் கண்டுபிடித்தோம்? அதனால் இரவெல்லாம் அங்கேயே இருந்தது. நான் எடுத்துப் பெட்டியில் வைத்திருந்தால் மாசசூசெட்ஸ் மகிழ்ந்திருக்கும், கலைமகள் கோபித்திருப்பாள்.

விஜயதசமி காலையில் மகனும் மருமகளும் பிள்ளையோடு வந்தார்கள். பிள்ளைக்கு மூன்று வயது, முதல் எழுத்து எழுதவேண்டும். ஏடு தொடக்குவது என்று துஷ்யந்தி சொன்னாள். அதற்காக அவள் பட்டுப் பாவாடை தைத்திருந்தாள். தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி அலமாரிக்கு முன்னால் வைத்திருந்தோம். உமையாள் சுண்டல் எடுக்க அடுப்படிக்குப் போனாள். துஷ்யந்தி பூவைத் தொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வயிரவனுக்கு ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஓம் எழுதவேண்டுமா அகரம் எழுதவேண்டுமா என்பது எளிதான விஷயம் இல்லை, இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. பட்டுத்துண்டை இழுத்துவிட்டாள்.

நான் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தேன் தம்பி. சட்டம் என்ன சொல்கிறது? பூட்டியிருக்கவேண்டும், அல்லது உடையவனின் ஆளுகையில் இருக்கவேண்டும். என் வீடு, என் அலமாரி, நான் எதிரே. ஆளுகை என்றால் வேறென்ன? கையில் பிடித்துக்கொண்டே பூசை செய்யவேண்டுமா?

பிள்ளை இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, குழலுக்குள் குங்குமம் இருக்கிறதா என்பது போலக் குனிந்து பார்த்தாள். "ஐயா, இதுக்கு என்ன பேர்?" என்றாள்.

வயிரவன் கல்லாகிவிட்டான். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துஷ்யந்தி பூவைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டாள். கத்தவில்லை. ஓடவில்லை. தூங்குகிற பிள்ளையிடம் பேசுவது போன்ற குரலில், "குஞ்சு, அம்மாவின்ரை பக்கம் திரும்பாதேங்கோ, சாமியைப் பாருங்கோ. அதை அப்பிடியே அம்மாட்டைத் தாங்கோ" என்றாள். பிள்ளை சாமியைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள்.

வாங்கின விதத்தைச் சொல்கிறேன். விரல் சுடுகிற விசைப் பக்கமே போகவில்லை. குழல் தரையைப் பார்த்தது. ஒரு கை பிடியைப் பிடித்தது, இன்னொரு கை மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தது. கண் அந்தப் பக்கம் போகவே இல்லை, பிள்ளையின் மேல்தான் இருந்தது. துப்பாக்கியின் குண்டறையிலிருந்து ஒரு குண்டு துள்ளி, தாம்பாளத்தில் பச்சரிசிக்குள் விழுந்தது. சத்தம்கூட வரவில்லை.

ஒன்று. ஒரே ஒரு குண்டு. கூட்டைக் கழற்றியவன் நான். அதற்கப்புறம் குண்டறையில் ஒன்று எப்படித் தங்கும்? வகுப்பில் என்னமோ சொன்னார்கள், கூட்டைக் கழற்றினாலும் குண்டறையைத் திறந்து பார்க்கவேண்டும் என்று. தெரியும். எனக்கா தெரியாது? இது தயாரிப்புக் கோளாறு. கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன்.

ஆனால் நீங்கள் கவனிக்கவேண்டியது வேறு. எல்லோரும் குண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒருவன்தான் சரியான கேள்வியைக் கேட்டேன். பல் சுத்தம் செய்கிற பெண்ணுக்கு இந்தக் கைப்பழக்கம் எப்படி வந்தது? நானே வகுப்புக்குப் போய், சான்றிதழ் வாங்கி, இன்னும் இரண்டு தடவை இழுத்தால்தான் அது திறக்கிறது. இவள் பார்க்காமலே செய்கிறாள். வாசலில் நின்று எனக்குப் பூட்டுப் பாடம் நடத்தியவள்! எங்கேயோ சுடுகிற கிளப்பில் சேர்ந்து ரகசியமாகப் பழகியிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வயிரவா, உன் பெண்டாட்டி எந்தக் கிளப்பில் பழகுகிறாள் என்று கேள். ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டமா?" என்றேன்.

"அப்பச்சி, வாயை மூடுங்க" என்றான்.

பெற்ற பிள்ளை. நாற்பது வயதுவரைக்கும் என்னை எதிர்த்துப் பேசாதவன்.

துஷ்யந்தி துப்பாக்கியைப் பலகையில் திருப்பி வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. சந்தனம்தானே, கையைக் கழுவ அவ்வளவு நேரமா ஆகும்? வந்தபோது முகம் சாதாரணமாகத்தான் இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "மாமா, எனக்கு உங்களோடை கோவம் ஒண்டும் இல்லை. பிள்ளையை இனி இங்கை கூட்டிக்கொண்டு வரமாட்டன். அவ்வளவுதான்." பாருங்கள், கோபம் இல்லையாம். கோபப்பட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். என்னிடம் பதில் இருந்தது. பிள்ளை ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை. பட்டுப் பாவாடையோடு அப்படியே காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உமையாள் சுண்டல் பாத்திரத்தோடு அடுப்படி வாசலில் நின்றாள். "துஷி சின்ன வயசுல வன்னியில எங்கே இருந்துச்சு, அதுக்கு யார் இதைக் கையில கொடுத்தாங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?" என்றாள். பண்பாடு கருதித்தான் கேட்கவில்லை என்று சொன்னேனே உங்களிடம், அதையே அவளிடமும் சொன்னேன். "உலகத்துல இருக்கிற வார்த்தைக்கெல்லாம் ஊரு தேடுறீங்க, வீட்டுக்கு வந்த பொண்ணுக்குத் தேடலை" என்றாள். சொல்லிவிட்டுச் சுண்டலை வைத்தாள், போனை எடுத்தாள், போலீஸைக் கூப்பிட்டாள்.

ஆமாம் தம்பி. என் மனைவி. தாலி கட்டின மனைவி. என் மேல்.

டெலேனிதான் வந்தார். யாரும் சொல்லாமலே வாசலில் பூட்ஸைக் கழற்றினார், அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர். அலமாரிக்கு முன்னால் குனிந்து பார்த்தார். துப்பாக்கியில் பொட்டு, சரஸ்வதிக்குப் பொட்டு, மிக்ஸிக்குப் பொட்டு. "இது என்ன சிவப்பு?" என்றார். நான் மகாநவமியில் ஆரம்பித்தேன். மகிஷனிடம் வருவதற்குள், "இது பூட்டியிருந்ததா?" என்று உமையாளைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்றாள். "நேற்றிலிருந்தா?" ஆமாம் என்றாள். "குழந்தை தொட்டதா?" அதற்கு அவள் வாயால் சொல்லவில்லை, தலையை ஆட்டினாள். அவர் அரிசிக்குள் விரலை விட்டு அந்தக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் பேரன் பேத்தி இருக்கும் போல. வழக்குப் போடாமல் உரிமத்தை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்கிறேன், அதற்கே நீங்கள் எனக்கு நன்றி சொல்லவேண்டும் என்றார். நன்றியா? என் சொத்தை என் வீட்டிலிருந்து பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு நன்றியா? மறுபூசைகூட ஆகவில்லை. அப்படியே பொட்டோடு எடுத்துப் போனார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. நான் தகுதியில்லாத ஆளாம். பொதுமக்களின் பாதுகாப்புக்கு. யார் பொதுமக்கள்? என் பேத்தியா பொதுமக்கள்?

உமையாள் விஜயதசமி அன்றைக்கே துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனவள்தான். பிள்ளையை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். வாரத்துக்கு ஒரு தடவை கொழுக்கட்டையோ குழம்போ கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டுப் போகிறாள். அவள் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள், கேளுங்கள். "கோர்ட்டும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்க. நான் அன்னைக்கே வந்துடுறேன். துஷியும் பிள்ளையைக் கொண்டாந்து விடுறேன்னுட்டா." ஒரே ஒரு கையெழுத்தாம். பிள்ளை மறுபடி வீட்டுக்கு வருமாம், என் மடியில் உட்காருமாம். இதற்குப் பெயர் என்ன தெரியுமா? மிரட்டல். கையில் துப்பாக்கி இல்லாமல் மிரட்டினால் மட்டும் அது மிரட்டல் இல்லையா? நான் தப்புச் செய்தேன் என்று கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் அவர்களுக்கு வேண்டும். செய்யாத தப்புக்கு நான் ஏன் போடவேண்டும்?

பிள்ளை இப்போது அகரம் எழுதுகிறாள். அங்கேயே வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். வீடியோவில் காட்டினாள். சுழியைத் தலைகீழாகப் போடுகிறாள் தம்பி. கீழே இருந்து மேலே போகிறாள். யாருக்கும் அது கண்ணில் படவில்லை, எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் "அம்மா இனியா, விரலை மேலே வை, மேலேயிருந்து வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன், அந்தப் பக்கம் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. என்னிடம் விட்டால் ஒரு நாளில் திருத்திவிடுவேன்.

சரி, விடுங்கள். இன்றைக்கு விசாரணை. வக்கீல் வைக்கவில்லை. சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்த வக்கீலை இந்த ஊரில் நான் இன்னும் பார்க்கவில்லை. நேற்று கோர்ட்டு குமாஸ்தா அம்மாளிடம் போனில் கேட்டேன். நீதிபதி ஆளின் தகுதியைத்தான் பார்ப்பார், உங்களை அறிந்தவர் யாராவது வந்து இரண்டு வார்த்தை சொன்னால் நல்லது என்றாள். அறிந்தவர்! மகனைக் கூப்பிட்டேன், வைத்துவிட்டான். உமையாளிடம் கேட்கவே இல்லை, எனக்கும் ரோஷம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரன் என்னைக் கண்டால் நாயை வீட்டுக்குள் இழுத்துக்கொள்கிறான். தமிழ்ச் சங்கச் செயலாளரைக் கேட்டேன். "சனிக்கிழமை பொங்கல் ஒத்திகை இருக்கே சார்" என்றார். விசாரணை செவ்வாய்க்கிழமை.

போன் அடிக்கிறது, பாருங்கள். அவள்தான். காலையிலிருந்து எத்தனையாவது தடவையோ. இப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இறங்கி எதிர்ப்பக்கம் பஸ் பிடித்து வாருங்கள் என்பாள். எடுக்கப்போவதில்லை. பின்னால் பிள்ளையின் குரல் வேறு கேட்கும். தீர்ப்பு வரட்டும், பிறகு பேசுகிறேன்.

தம்பி, ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்கு முகத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்த பிள்ளை. இவ்வளவு நேரம் நாம் பேசிக்கொண்டு வந்திருக்கிறோம். நீங்கள் பேசவில்லை, அது வேறு. என் கூட வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். இவரை எனக்குத் தெரியும், நிதானமான மனிதர், சட்டம் தெரிந்தவர், தகுதியான ஆள். இதில் ஏதாவது பொய் இருக்கிறதா? எவ்வளவு காலமாகத் தெரியும் என்று கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன், அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

என்ன, எழுந்துவிட்டீர்கள்? பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கயிற்றை ஏன் இழுக்கிறீர்கள்? இங்கே ஒன்றுமே இல்லையே, வெறும் பனியும் பெட்ரோல் பங்கும்தான். உட்காருங்கள். வழி விடுகிறேன், வழி விடுகிறேன், அதற்குமுன் ஒரு நிமிஷம். நீதிபதி கேட்டால் சொல்லவேண்டுமே. உங்கள் பெயரை நான் இன்னும் கேட்கவே இல்லை.